ஒரு லொறிக்காக அழுத பிள்ளைகள்



ஒரு லொறி மௌத்தாகிவிட்டது என்பதற்காகப் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? சிரிக்க வேண்டாம். 1986 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் படமாளிகைகளில் அது நடந்தது. ஆறு வயதும் எட்டு வயதுமான பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்து அழுதார்கள். படம் முடியும்வரை இருக்கமாட்டோம் என்று அடம்பிடித்துச் சிலர் பெற்றோரோடு வெளியேறினார்கள்.

"ட்ரான்ஸ்போமர்ஸ்" என்ற பெயரை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 1984 செப்டெம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பமான கார்ட்டூன் தொடர் அது. வேறொரு கிரகத்தின் இயந்திர மனிதர்கள் பூமிக்கு வந்து, கார், லொறி, விமானம் என்று உருமாறி மறைந்து வாழ்கிறார்கள். அவர்களுள் நல்லவர்கள் ஒரு கூட்டம், கெட்டவர்கள் ஒரு கூட்டம். நல்லவர்களின் தலைவர் ஒப்டிமஸ் பிரைம்; சிவப்பும் நீலமுமான பெரிய லொறியாக மாறக்கூடியவர். ("அவர்" என்பதா "அது" என்பதா என்று எனக்கும் தடுமாற்றம்தான். பிள்ளைகள் "அவர்" என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.) அவருக்குக் குரல் கொடுத்த பீற்றர் கலன் என்பவர், வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய தமது மூத்த சகோதரரின் நிதானமான பேச்சை மனதில் வைத்தே அந்தக் குரலை அமைத்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பலமுள்ளவர் மென்மையாகவும் இருக்கவேண்டும் என்பது அந்தச் சகோதரர் அவருக்குச் சொன்ன புத்திமதியாம். பாடசாலை விட்டு வீட்டுக்கு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரும் பிள்ளைக்கு அந்தக் குரல் ஒரு தகப்பனின் குரலாகக் கேட்டதில் வியப்பில்லை.

தொலைக்காட்சியில் 65 அத்தியாயங்கள் ஓடிய பிறகு இந்தத் தொடர் முழுநீளப் படமாக வந்தது. படம் ஆரம்பித்து அரை மணித்தியாலம் ஆகுமுன்னே ஒப்டிமஸ் பிரைம் படுகாயமடைகிறார். அவரை ஒரு மேசையில் கிடத்துகிறார்கள். தோழர்கள் சுற்றி நிற்கிறார்கள். தலைமைப் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் மூச்சை விடுகிறார். சிவப்பும் நீலமுமான அந்த உடம்பு மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகிறது. அவர் மட்டுமல்ல, பிள்ளைகள் பெயர் சொல்லி அழைத்த இன்னும் பலர் அந்தப் படத்தில் அடுத்தடுத்துச் சாகிறார்கள். தொலைக்காட்சித் தொடரில் எத்தனை குண்டு வெடித்தாலும் இப்படி ஒருவரும் செத்ததில்லை.

ஏன் கொன்றார்கள்? கதைக்கு அவசியம் என்றா? இல்லை. தொடரின் பின்னால் நின்றது ஹஸ்ப்ரோ என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம். ஜப்பானிலே தக்காரா என்ற கம்பனி செய்த பொம்மைகளை வாங்கி, பெயர் மாற்றி விற்பதற்காகவே அந்தக் கார்ட்டூனை உருவாக்கினார்கள். பழைய பொம்மைகள் இரண்டு வருடம் விற்றாயிற்று. புதிய பொம்மைகளைக் கடையில் அடுக்கவேண்டும். ஆகவே பழையவர்கள் போகவேண்டும். இவ்வளவுதான் விடயம். படத்தின் கதை ஆலோசகராக இருந்த பிளின்ட் டில் இதனைப் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பழைய சரக்கைக் கழிப்பதாகவே அவர்கள் நினைத்தார்களாம். ஒப்டிமஸ் பிரைம் பிள்ளைகளின் மனதில் எந்த இடத்தில் இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியவே இல்லையாம்.

வாசகர்களே, இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளுக்கென்றே கதை எழுதி, பிள்ளைகளுக்கென்றே பொம்மை செய்து, அதனாலே வயிறு வளர்த்தவர்களுக்குப் பிள்ளையின் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை! கணக்குப் புத்தகத்தில் அது ஒரு பொருள். பிள்ளைக்கோ அது ஓர் ஆள்.

படத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொன்ன அபிப்பிராயம் வேறு. விமர்சகர்களிற் பலர் அதை நீண்டதொரு விளம்பரம் என்று ஒதுக்கினார்கள். சத்தம் அதிகம், கதை குறைவு என்றார்கள். ஒரு பாத்திரம் தகாத வார்த்தையொன்றைச் சொல்வதாகப் பெற்றோர் முகம் சுளித்தார்கள். அது நியாயமான குறைதான். வசூலும் செலவழித்ததற்குச் சற்று மேலும் கீழுமாகத்தான் இருந்தது. ஓர்சன் வெல்ஸ் என்ற பெயர்பெற்ற நடிகர் கடைசியாகக் குரல் கொடுத்த படம் இது என்பதும், படம் வெளிவருமுன் 1985 ஒக்டோபரில் அவர் இறந்துபோனார் என்பதும் அவர்கள் பேசிய இன்னொரு விடயம். ஆனால் பிள்ளைகளின் அபிப்பிராயம் பத்திரிகையில் வரவில்லை, தபாலில் வந்தது. கோணல் எழுத்தில் கடிதம் கடிதமாக எழுதினார்கள். ஏன் அவரைக் கொன்றீர்கள் என்று கேட்டார்கள். திருப்பித் தாருங்கள் என்று கெஞ்சினார்கள். ஒரு சிறுவன் இரண்டு வாரம் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வரவில்லை என்றுகூட ஒரு செய்தி அந்த நாட்களில் உலாவியதாகச் சொல்வார்கள்.

"ஒரு பொம்மைக்கா இவ்வளவு!" என்றுதான் நமக்குச் சொல்லத் தோன்றும். ஆனால் நம்முடைய கிதாபுகளைத் திறந்தால் வேறொன்று கிடைக்கிறது.

அபூ உமைர் என்றொரு சிறுவர். அனஸ் (ரழி) அவர்களின் தாய்வழித் தம்பி. அபூ தல்ஹா (ரழி), உம்மு ஸுலைம் (ரழி) தம்பதியரின் மகன். அவரிடம் ஒரு குருவி இருந்தது. நுகைர் என்று அதற்குப் பெயர். ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது பிள்ளையின் முகம் வாடியிருந்தது. என்ன விடயம் என்று விசாரித்தார்கள். குருவி செத்துவிட்டது என்றார்கள் வீட்டார். உடனே நபியவர்கள் பிள்ளையின் பக்கம் திரும்பி, பெரிய மனிதரை அழைப்பதுபோல் "அபூ உமைரே" என்று அழைத்து, நுகைருக்கு என்ன நடந்தது என்று அவரிடமே கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அபூதாவூதிலும் வரும் செய்தி இது; பிள்ளை கவலையாக இருந்த விபரம் அபூதாவூதிலே இருக்கிறது.

அரபுக் கல்லூரியில் இந்த ஹதீஸைப் படித்தபோது எங்கள் உஸ்தாத் ஒரு விடயம் சொன்னார். நமது ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் இப்னுல் காஸ் அவர்கள் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டிலே, இந்தச் சின்னஞ்சிறு ஹதீஸிலிருந்து 60 பயன்களை எடுத்துத் தனியாக ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள். குருவியைக் கூட்டில் வளர்க்கலாமா, பிள்ளைக்குப் புனைபெயர் சூட்டலாமா, பகிடியாகப் பேசலாமா என்று ஒவ்வொன்றாகப் போகும். ஹதீஸிலே உருப்படியான சட்டம் எதுவும் இல்லையே என்று குறை சொன்னவர்களுக்குப் பதிலாகவே அதை எழுதினார்களாம். அந்த 60 இலும் என் மனதில் பதிந்தது என்னவென்றால், பிள்ளையின் கவலையைக் கண்டவுடன் அதைப் பற்றிக் கேட்பது. செத்தது குருவிதானே, வேறொன்று பிடித்துத் தருகிறேன் என்று நபியவர்கள் சொல்லவில்லை.

(பொம்மையும் உருவமும் பற்றிய சட்டங்களை இந்தக் கட்டுரையில் நான் எடுக்கவில்லை. ஆனால் ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களுக்கிடையே இறக்கை கட்டிய குதிரையொன்று இருந்ததையும், அதைக் கண்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததையும் தெரிந்துகொண்டு அந்தப் பேச்சுக்கு வாருங்கள். பறக்கும் குதிரைக்கும் உருமாறும் லொறிக்கும் அவ்வளவு தூரமில்லை.)

கடிதங்கள் குவிந்த பிறகு அந்த நிறுவனத்தார் என்ன செய்தார்கள்? இங்குதான் எனக்கு அவர்களோடு இரண்டாவது மனவருத்தம். முதலில், 1986 இன் பிற்பகுதியில் வந்த ஓர் அத்தியாயத்திலே ஒப்டிமஸ் பிரைமின் உடம்பை எதிரிகள் ஆட்டுவிக்கும் நடைப்பிணமாக எழுப்பிக் காட்டினார்கள். அழுத பிள்ளைக்கு மையித்தை எழுப்பிக் காட்டுவது என்ன ஆறுதலோ! இங்கிலாந்தில் திரையிட்ட பிரதியின் முடிவிலே, அவர் திரும்பி வருவார் என்று ஒரு குரலைச் சேர்த்தார்கள். 1987 இல் இரண்டு அத்தியாயங்களில் உண்மையாகவே உயிரோடு கொண்டுவந்தார்கள். அதே வருடம் ஜி.ஐ.ஜோ என்ற அவர்களுடைய இன்னொரு தொடரும் படமாகியது. அதிலும் டியூக் என்ற வீரர் சாவதாகவே காட்சி அமைந்திருந்தது. ட்ரான்ஸ்போமர்ஸுக்குக் கிடைத்த அடியால் பயந்து, அவர் மயக்கத்தில் இருக்கிறார், பிறகு தேறிவிட்டார் என்று வசனத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். படத்தில் நெஞ்சிலே குத்துப்பட்டு விழுகிறார். வாய்ப்பேச்சில் சுகமாக இருக்கிறார்!

அன்று அழுத பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். ஏறக்குறைய என் வயதுக்காரர்கள். அவர்களுடைய அபிப்பிராயம் இப்போது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பொம்மை விற்பதற்காக எங்கள் மனதைப் புண்படுத்தினார்கள் என்று இன்றும் கோபிப்பவர்கள் உண்டு. மரணம் என்றால் என்னவென்று எனக்கு முதன்முதலில் காட்டியது இந்தப் படம்தான், என்னைச் சிறுபிள்ளை என்று ஏமாற்றாமல் காட்டியது என்று நன்றியோடு சொல்பவர்களும் அதேயளவு உண்டு. 1986 இல் வீழ்ந்த படத்தைப் புதுப்பித்து மீண்டும் மீண்டும் வெளியிடுகிறார்கள் என்றால் வாங்குபவர்கள் இவர்கள்தான். நான் கவனித்தது ஒன்று: இரு சாராரும் அந்த மேசையைப் பற்றிப் பேசுகிறார்கள், சாம்பல் நிறத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். திரும்பி வந்ததைப் பற்றி உருக்கமாகப் பேசுபவர்கள் குறைவு.

இவ்வளவையும் ஒரு மௌலவி தேடி வாசிப்பானேன் என்று கேட்பீர்கள். என் தங்கையின் மகன்தான் காரணம். எட்டு வயது. என் வாப்பா மௌத்தாகி அப்போது ஏழு மாதம். ஜனாஸா நாளன்று, பிள்ளை பயந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் அவனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் திரும்பி வந்தபோது, மூத்தாப்பா அல்லாஹ்விடம் போய்விட்டாங்க என்று சொன்னார்கள். சரியென்று தலையாட்டிவிட்டு விளையாடப் போனான். அழவில்லை. பிள்ளைக்கு விளங்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்று எல்லோரும் ஆறுதலடைந்தார்கள்.

ஏழு மாதத்துக்குப் பிறகு, தாயின் தொலைபேசியில் இந்தப் பழைய படத்தை எங்கிருந்தோ எடுத்துப் பார்த்துவிட்டான். ஆங்கிலம் அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனால் படுத்திருப்பவரைச் சுற்றி எல்லோரும் நிற்பது விளங்குமே! அஸருக்குப் பிறகு தொடங்கிய அழுகை மஃரிப் பாங்கு சொல்லியும் ஓயவில்லை. "ஒரு கார்ட்டூனுக்கா மகன் இந்த அழுகை?" என்று தங்கை ஏசினாள். இரண்டு நாள் கழித்து என்னிடம் ஓடி வந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"மாமா, ஒப்டிமஸ் பிரைம் திரும்பி வந்துட்டார்!"

அடுத்த அத்தியாயங்களையும் பார்த்திருக்கிறான். நல்லது மகன் என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

"அப்ப மூத்தாப்பா எப்ப வருவாங்க?"

தங்கையின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது. என் உம்மா உள்ளறையில் இருந்தார்கள், கேட்டிருக்கும்.

நான் உடனே மூத்தாப்பாவைப் பற்றிப் பேசவில்லை. பிரைமுக்கு என்ன நடந்தது, முழுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அரை மணித்தியாலம் சொன்னான். யார் சுட்டது, யார் அழுதது, நிறம் எப்படி மாறியது எல்லாம். சொல்லச் சொல்ல அவனாகவே, "மூத்தாப்பாவையும் இப்படிப் படுக்க வெச்சாங்களா?" என்று கேட்டான். ஆம் என்றேன். குளிப்பாட்டினோம், கபன் அணிவித்தோம், தொழுவித்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பயந்துவிடுவான் என்று எண்ணிய தங்கை கண்ணால் என்னைத் தடுத்தாள். அவன் பயப்படவில்லை. கபன் என்ன நிறம் என்று கேட்டான்.

அதன் பிறகு அதே அபூ உமைருடைய வீட்டுச் செய்தியைச் சொன்னேன். குருவிக்காகக் கவலைப்பட்ட அந்தப் பிள்ளையும் சிறுவயதிலேயே மௌத்தாகிவிட்டார் என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். தகப்பன் வீட்டில் இல்லாத நேரம் அது. உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள், நான் சொல்லும்வரை யாரும் அவரிடம் சொல்லவேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். அபூ தல்ஹா வந்து சாப்பிட்டு ஓய்ந்த பிறகு, ஒருவர் நமக்கு இரவலாகத் தந்த பொருளைத் திருப்பிக் கேட்டால் தரமாட்டோம் என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். முடியாது என்றார் அவர். அப்படியானால் மகனுக்காகப் பொறுமை செய்து கூலியை எதிர்பாருங்கள் என்றார்கள். அபூ தல்ஹா (ரழி) கோபித்தார்கள் என்பதும் ரிவாயத்தில் இருக்கிறது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற கோபம். அதையும் நான் மறைக்காமல் சொன்னேன். மருமகனுக்கு அந்த இடம்தான் மிகவும் பிடித்தது. "எனக்கும் முதல்லயே சொல்லல்ல" என்றான்.

மூத்தாப்பா இரவல். கேட்டவன் எடுத்துக்கொண்டான். இந்த வீட்டுக்கு அவங்க வரமாட்டாங்க. மறுமையில் அல்லாஹ் எல்லோரையும் எழுப்புவான், அந்நாளில் சந்திக்கலாம் இன்ஷா அல்லாஹ். இப்படித்தான் சொன்னேன். அப்போதுதான் அவன் மூத்தாப்பாவுக்காக அழுதான்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மையவாடிக்குக் கூட்டிப் போனேன். மீஸான் கட்டைக்குப் பக்கத்தில் நின்று நான் சொல்லிக்கொடுத்தபடி ஸலாம் சொன்னான். துஆ ஓதி முடிந்ததும், மூத்தாப்பாவின் கண்ணாடி யாரிடம் இருக்கிறது என்று கேட்டான். உம்மாவின் அலுமாரியில் என்றேன். வீட்டுக்கு வந்து அதைக் கேட்டு வாங்கி, தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, "ஒண்டுமே தெரியுதில்ல" என்றான். ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என் உம்மா, வாப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் இந்தக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தலையிலேயே வைத்துக்கொண்டு தேடிய கதையைச் சொன்னார்கள்.