உப்பு

வாலிபத்தில் எனக்கும் குத்துச்சண்டைப் பைத்தியம் பிடித்திருந்தது. வடசென்னையில் ஒரு வாத்தியாரிடம் சேர்ந்தேன். கையுறை மாட்டிவிடுவார் என்று பார்த்தால், "போய்க் கடலோரமா ஓடிட்டு வாடா" என்றார். குத்தக் கற்க வந்தவனுக்கு ஓட்டம் எதற்கு? படகு மறைவில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடல்நீரில் முகத்தை நனைத்துக்கொண்டு திரும்புவேன்.

போட்டி மூன்றே சுற்று; சுற்றுக்கு 3 நிமிஷம். முதல் சுற்றில் நான் சூரன்தான். மூன்றாவதில் எதிராளி அடிக்கு முன்பே கால்கள் மடிந்துவிட்டன. குத்து காலில் புறப்பட்டு இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. மூச்சு தீர்ந்தால் காலும் தீர்ந்தது.

1952-ல் ராக்கி மார்சியானோ முதல் சுற்றிலேயே விழுந்தார். புள்ளிகளிலும் பின்தங்கியிருந்தவர், 13-வது சுற்றில் ஜெர்சி ஜோ வால்காட்டை ஒரே குத்தில் சாய்த்து உலக சாம்பியனானார். அந்தக் குத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன் அவர் நாள் தவறாமல் ஓடிய மைல்களை யார் பார்த்தார்கள்?

தோற்று இறங்கிய என் முகத்தைத் துடைத்துவிட்டபடி வாத்தியார் கேட்டார்: "கடலும் உப்பு, வேர்வையும் உப்பு. எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சியாடா?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.