அம்மாவைக் கடத்தினார்கள்... அமைச்சர் ராஜினாமா செய்யவில்லை!

2004-ம் ஆண்டின் தொடக்கத்தில், நைஜீரியப் பத்திரிகைகளில் ஒரு பட்டியல் வெளியானது. எந்த மாநிலத்துக்கு, எந்த உள்ளாட்சிக்கு மத்திய அரசு எவ்வளவு பணம் அனுப்பியது என்ற கணக்கு. அவ்வளவுதான்! ஆனால், மக்கள் அதைத் தேடித் தேடிப் படித்தார்கள். ‘எங்க ஊர் பள்ளிக்கூடம் ஏன் இன்னும் இடிஞ்சே கிடக்குது?’ என்று கேட்பவரின் கையில் இப்போது ஒரு தொகை இருந்தது. ஆளுநர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் ஊர் முதல்வர் மாதிரி.)

மாதாமாதம் இந்தக் கணக்கை வெளியிட வைத்தவர், அப்போதைய நிதியமைச்சர் நுகோஸி ஒகோன்ஜோ-இவேலா. உலக வங்கியில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2003-ல் ஊர் திரும்பியவர். 2005-ல் வெளிநாடுகளிடம் பேசி, சுமார் 18 பில்லியன் டாலர் கடனைத் தள்ளுபடி செய்ய வைத்தார். ‘மீதி 12 பில்லியனை ஏன் கட்ட வேண்டும்?’ என்று திட்டியவர்களும் உண்டு. ‘ஒகோன்ஜோ-வஹாலா’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள். வஹாலா என்றால், அங்கே தொல்லை!

இடையில் மீண்டும் உலக வங்கிக்குப் போனவர், 2011-ல் இரண்டாம் முறை நிதியமைச்சரானார். இந்த முறை பிரச்னை, பெட்ரோல் மானியம். எண்ணெய் வளம் கொழிக்கும் நாடுதான். ஆனால், அப்போது பெட்ரோலை இறக்குமதி செய்ய வேண்டிய நிலை. வாங்கும் விலைக்கும் பங்க்கில் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை, இறக்குமதியாளர்களுக்கு அரசு கொடுத்து வந்தது. வராத பெட்ரோலுக்கும் சிலர் பில் போட்டார்கள்.

2012 ஜனவரியில் அரசு மானியத்தை ஒரேயடியாக நிறுத்தியது. 65 நைராவாக இருந்த லிட்டர் விலை இருமடங்குக்கு மேல் எகிற, நாடே தெருவுக்கு வந்தது. விலையை 97 நைராவாகக் குறைத்த பிறகே போராட்டம் அடங்கியது. திருடியவர்கள் ஒரு பக்கம் இருக்க, முதல் அடி சாமானியர்களுக்கு விழுந்தது என்ற கோபம் நியாயமானதுதான். அதன் பிறகு, சந்தேகத்துக்குரிய பில்களுக்குப் பணம் தர நுகோஸி மறுத்தார்.

அந்த டிசம்பரில் அவர் அம்மா கடத்தப்பட்டார். 80 வயதைக் கடந்த ஓய்வுபெற்ற பேராசிரியை. கடத்தியவர்களின் முதல் கோரிக்கை பணம் அல்ல. ‘மகள் பதவி விலக வேண்டும்.’

எந்த மகளுக்கும் இந்த நிலை வரக் கூடாது. நுகோஸி ராஜினாமா செய்யவில்லை. ஐந்து நாள்கள் கழித்து அம்மா உயிரோடு வந்து சேர்ந்தார்.

2015 வரை அமைச்சராக இருந்தார் நுகோஸி. 2021 மார்ச்சில் உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண்ணும், முதல் ஆப்பிரிக்கரும் அவர்தான்.