கையால் சாப்பிடச் சொல்லும் கோட்டை

கிழக்கே கடல், வடக்கே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம், நடுவில் ஆலைகளும் புகைபோக்கிகளும். இதுதான் எங்கள் காத்திவாக்கம். இங்கிருந்து திருப்பதி, வேளாங்கண்ணி தவிர எங்கும் போகாத நான், போன கோடையில் மகளைப் பார்க்க கனடாவின் டொரான்டோவுக்குப் போனேன். நயாகராவெல்லாம் பார்த்து முடித்த பிறகு, ஒன்பது வயசுப் பேரன் சொன்னான், "ஆயா, இன்னைக்கு ராணி வீட்டுல டின்னர்!"

அந்த 'ராணி வீடு' ஒன்டாரியோ ஏரிக்கரையில், எக்ஸிபிஷன் பிளேஸ் என்ற கண்காட்சித் திடலில் இருக்கிறது. பேர் 'மெடீவல் டைம்ஸ்'. பழைய கண்காட்சிக் கட்டடம் ஒன்றுக்குள் கோட்டை மாதிரி செட் போட்டிருக்கிறார்கள். 1993-லிருந்து நடக்கிறதாம். ஸ்பெயின் நாட்டின் மயோர்கா தீவில் பிறந்த யோசனை இது. 1983-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு வந்து, பிறகு ஊர் ஊராகப் பரவியிருக்கிறது.

வாசலிலேயே ஆளுக்கு ஒரு காகிதக் கிரீடம் கொடுத்தார்கள். எங்களுக்குப் பச்சை. நடுவில் மணல் பரப்பிய நீளமான களம், சுற்றிலும் படிப்படியாக மேஜை போட்ட இருக்கைகள். ஆறு வீரர்கள், ஆறு நிறங்கள். நம் கிரீடம் என்ன நிறமோ, அந்த நிற வீரனுக்குத்தான் நாம் கத்த வேண்டும். கபாலி தியேட்டர் முதல் ஷோ மாதிரி ஒரே கூச்சல்.

கதை நடப்பது பதினோராம் நூற்றாண்டு ஸ்பெயினில். முன்பெல்லாம் ராஜா உட்கார்ந்திருந்த சிம்மாசனத்தில் சில வருஷங்களாக ராணி உட்காருகிறாள். அவள் முன்னால் குதிரைகள் முதலில் ஆடிக் காட்டுகின்றன. தாளத்துக்குக் கால் தூக்கி வைக்கின்றன; பின்னங்கால்களில் நின்று எம்புகின்றன. ஆண்டலூசியன் என்ற ஸ்பெயின் ஜாதிக் குதிரைகள் இவற்றில் உண்டு. இதற்கென்றே டெக்சாஸில் பண்ணை வைத்து வளர்க்கிறார்களாம். பிறகு ராஜாளி ஒன்று தலைக்கு மேல் பறந்துபோனது. கடைசியில் சண்டை. நீண்ட ஈட்டியோடு எதிரெதிரே குதிரையில் பாய்கிறார்கள். ஈட்டி முறிந்து தெறிக்கிறது. கத்தியும் கத்தியும் மோதினால் நிஜமாகவே பொறி பறக்கிறது. அந்தக் காலத்துப் பிரபுக்கள் போர்ப் பயிற்சிக்காக ஆரம்பித்த விளையாட்டுதான், பிறகு திருவிழாவாக மாறியது.

சண்டை நடக்கும்போதே சாப்பாடு வருகிறது. தக்காளி சூப், பூண்டு ரொட்டி, சுட்ட கோழி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு. ஸ்பூன் கிடையாது, ஃபோர்க் கிடையாது. கையால்தான் சாப்பிட வேண்டும்! எதிர்வரிசையில் ஒரு குடும்பம் கோழியைக் கையில் பிடிக்கத் தெரியாமல் தவிக்க, நான் நிதானமாகப் பிய்த்துச் சாப்பிட்டேன். மருமகன் சிரித்துக்கொண்டே, "அத்தை, இந்த ஊர்ல நீங்கதான் இன்னைக்கு எக்ஸ்பர்ட்" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், தக்காளி, உருளை, சோளம் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492-ல் கொலம்பஸ் போய் வந்த பிறகுதான் ஐரோப்பாவே அவற்றைப் பார்த்தது. பதினோராம் நூற்றாண்டு ராணிக்குத் தக்காளி சூப் ஏது? சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். மிளகாயும் அப்படிக் கடல் தாண்டி வந்ததுதானே? அது இல்லாமல் நம் மீன்குழம்பு ஏது?

அதே பதினோராம் நூற்றாண்டில்தான் ராஜேந்திர சோழன் காலத்தில், எங்களுக்குப் பக்கத்துத் திருவொற்றியூர் கோயிலின் யானை முதுகு வடிவ விமானம் கல்லால் எழும்பியது. நம் ராஜாக்களுக்கும் குதிரை மேல் தீராத ஆசை. அரேபியாவிலிருந்து கப்பலில் பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் வந்து இறங்கியதை மார்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்.

இடைவேளை மாதிரி ஒரு நிமிஷம் கிடைத்தபோது பேரன் கேட்டான், "ஆயா, உங்க ஊர்ல இதெல்லாம் இருக்கா?"

"இருக்கு. எங்க நைனாவே ஆடியிருக்கார்" என்றேன். மகள் திரும்பிப் பார்த்தாள். அவளிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமம் எங்கள் பூர்வீகம். நைனா ஆலை வேலைக்காக எண்ணூர் வந்தவர். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். பகலில் கதை படிப்பார்கள், ராத்திரி விடிய விடியக் கூத்து. பகாசுரன் வதம் அன்றைக்கு மட்டும் பகலிலேயே பீமன் புறப்பட்டுவிடுவான். மாட்டு வண்டியில் சோறு, குழம்பு, வடை, வாழைப்பழம் எல்லாம் குவித்திருக்கும். பீமன் அதன் மேல் உட்கார்ந்து தின்றுகொண்டே தெருத்தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு பெண்கள் இன்னும் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஊருக்கே அது விருந்து. அந்தப் பீமன் எங்கள் நைனா.

நான் எட்டாவது படிக்கும்போது, கூடப் படித்த பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள். அப்புறம் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேர் 'சோத்து மூட்டை பொண்ணு'. வீட்டுக்கு வந்து அழுதேன். "இனிமே வேஷம் கட்டாத நைனா, மானம் போவுது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஊரிலிருந்து ஆள் வந்தபோது, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். லீவு கேட்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பேரன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவர் ஜெயிப்பாரா?"

"எப்பவுமே ஜெயிப்பார்."

"அப்ப இங்கேயே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பச்சை வீரனுக்காக மறுபடி தொண்டை கிழியக் கத்தினான். அவனுக்கு வெட்கமே இல்லை. தலையில் காகிதக் கிரீடம், வாயெல்லாம் வெண்ணெய்.

ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வெளிக்கூடத்துக்கு வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பச்சை வீரன் கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பையன். வியர்வையில் குளித்திருந்தான். அவர்களுக்கும் இது பிழைப்புதான். 2023-ல் இதே நிறுவனத்தின் கலிஃபோர்னியா கோட்டையில் வீரர்களும் நடிகர்களும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்களாம். மருமகன் சொன்னபோது எனக்கு அந்நியமாகவே படவில்லை. ஆலை கேட்டில் கொடி பிடித்து நிற்பவர்களைப் பார்த்து வளர்ந்தவள்தானே நான்.

டொரான்டோ போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட்டிலேயே சாப்பாடும் சேர்த்தி. சைவம் என்றால் முன்பே சொல்லிவிட்டால் தனியாகத் தருகிறார்கள். இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. சத்தமும் குதிரை வாடையும் ஆகாதவர்கள் யோசித்துப் போங்கள்.

ஊர் திரும்பியதும் பூர்வீக கிராமத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். கூத்து இன்னும் நடக்கிறதாம். பதினெட்டு நாள் இப்போது பத்து நாளாகச் சுருங்கிவிட்டது. ஆனால் பீமன் வண்டி மட்டும் நிற்கவில்லை என்றார்கள். வருகிற கோடை விடுமுறைக்குப் பேரன் வருகிறான். அவனை அழைத்துப்போகப் போகிறேன். வண்டி வரும்போது ஒரு தூக்கு நிறையச் சோறு கொண்டுபோய் நானே கொட்ட வேண்டும்.

பச்சைக் கிரீடம் இப்போது எங்கள் வீட்டில் நைனா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.