பதுளையிற் கண்ட இரு கற்கள்

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை, ஈழத்தின் பழம்பெரும் நகரங்களுள் ஒன்று. நமுனுகுல மலைத்தொடர் ஒருபுறம் அரண்செய்ய, பதுளு ஓயா மறுபுறம் வளைந்து செல்ல, தேயிலை மலைகளின் நடுவே கிடக்கும் அந்நகருக்குப் பௌத்த ஐதிகத்திலே இடமுண்டு. கண்டி இராச்சியத்தின் வரலாற்றிலே இடமுண்டு. பிரித்தானியர் ஆட்சியின் கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் இடமுண்டு. ஆயினும், அந்நகரைச் சூழ்ந்த மலைகளிலே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்துவரும் தோட்டத் தொழிலாளருக்கு அந்நகரின் நினைவில் உள்ள இடம் யாது? 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 27ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பதுளை வீதிகளில் நடந்து திரிந்தபோது என்னுள் எழுந்த வினா இது. அன்று அங்குக் கண்ட இரு கற்களைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றேன்.

எமது பல்கலைக்கழக மாணவர் எண்மர் விடுமுறைக் காலத்திலே தொண்டர்களாகக் கொஸ்லந்தைப் பகுதிக்குச் சென்றிருந்தோம். மீரியபெத்தையிலிருந்து பெயர்ந்து மாக்கல்தெனியவிற் குடியமர்ந்துள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதும், சிறு வாசிகசாலை ஒன்றை ஒழுங்குசெய்து கொடுப்பதும் எமது பணி. யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பினர், மலையகத்தவர், காலியிலிருந்து வந்த சிங்கள நண்பர் ஒருவர் எனக் கலந்த குழு அது. நானும் தோட்டத்திற் பிறந்தவனே. எனினும் ஹற்றன் பக்கத்தவனாதலின் ஊவா எனக்குப் புதிது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லாமையால் பதுளை நகரைப் பார்த்துவரப் புறப்பட்டோம். வகுப்புகளில் எமக்கு உதவிய பதினாறு வயதுத் தங்கை ஒருத்தியும் தாயாரின் அனுமதியுடன் எம்மோடு வந்தாள். ஆஸ்பத்திரிக்குச் சென்றதன்றிப் பதுளையை அவள் பார்த்ததில்லை.

மீரியபெத்தையைப் பற்றி ஈண்டுச் சில சொற்கள் சொல்லுதல் வேண்டும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, தொடர்ந்து பெய்த மழையினால் நனைந்திருந்த மலைச்சரிவு பெயர்ந்து லயன்களின் மீது வீழ்ந்தது. சில நிமிடங்களில் லயன் வீடுகள், கோயில், மாட்டுத் தொழுவங்கள் யாவும் மண்ணுள் மறைந்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். எம்முடன் வந்த தங்கையும் அவர்களுள் ஒருத்தி. அன்று அவளுக்கு வயது ஆறு. உயிர்பிழைத்தோர் பாடசாலைகளிலும், பின்னர் இயங்காது கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்கினர். 2016ஆம் ஆண்டிலேதான் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. நாம் பதுளைக்குப் புறப்பட்டதற்கு இரண்டாம் நாள், அவ்வனர்த்தத்தின் பத்தாண்டு நினைவுநாள்.

பூனாகலை வழியாகப் பஸ்ஸிற் பண்டாரவளையை அடைந்து அங்கிருந்து புகையிரதம் ஏறினோம். பதுளை வரையிலான இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டிற் பூர்த்தியாயிற்று. எல்லவைக் கடந்ததும் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் வருகின்றது. அதனையடுத்துள்ள தெமோதரையிலே, நிலையத்தை விட்டு நீங்கிய புகையிரதம் மலையைச் சுற்றிக் கீழிறங்கி, அந்நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகவே மறுபடியும் செல்கின்றது. எம்முடன் வந்த தங்கை யன்னலுக்கு வெளியே தலைநீட்டிப் பார்த்து, தான் சற்றுமுன் நின்ற இடத்தின் கீழே தானே போகின்ற அதிசயத்தை எண்ணிச் சிரித்தாள். பொறியியலாளரின் திறமையை வழிகாட்டி நூல்கள் யாவும் வியக்கின்றன. மலையைக் குடைந்த கைகளின் பெயரை எந்த நூலிலும் நாம் காணவில்லை.

பதுளையில் நாம் முதலிற் சென்றது முத்தியங்கனை விகாரைக்கு. புத்தபிரான் பாதம் பதித்ததாகப் பௌத்தர் நம்பும் பதினாறு புனிதத் தலங்களுள் இதுவும் ஒன்று. அதன் பின்னர் கதிர்காமத் தேவாலயத்துக்குச் சென்றோம். சிங்களக் குடும்பம் ஒன்று பழத்தட்டுடன் நிற்க, அதன் பின்னே தோட்டத்திலிருந்து வந்த தமிழ் மூதாட்டி ஒருவர் கற்பூரத்துடன் நின்றார். ஒரே தெய்வத்தின் முன் இரு மொழிகளில் இரு வேண்டுதல்கள். காலி நண்பர் 1817, 1818ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியை அவ்விடத்தில் நினைவூட்டினார். அதனை அடக்க வந்த பிரித்தானியப் படை வயல்களையும் வீடுகளையும் எரித்தது. பின்னர் 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டம் உறுதியற்ற நிலங்களை முடிக்குரியவை ஆக்கிற்று. அந்நிலங்களிற் கோப்பி நடுவதற்கே தமிழகத்திலிருந்து எம் மூதாதையர் கொண்டுவரப்பட்டனர். நிலத்தை இழந்தவனும் நிலமின்றி வந்தவனும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பதை நூல்களிற் படித்திருந்தேன். அவ்வாசலில் நின்றபோதுதான் அதனை உணர்ந்தேன்.

நண்பகல் அளவிற் சென். மார்க் தேவாலயத்தை அடைந்தோம். காலைப் பூசை முடிந்து உள்ளே அமைதி நிலவியது. 1857ஆம் ஆண்டில் அபிஷேகம் செய்யப்பட்ட இவ்வாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் விளங்கிய இவர், ஊவாவில் வீதிகள் பலவற்றை அமைப்பித்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் எனவும் பெயர் பெற்றவர். 1845ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அச்செய்தியைக் கூறும் ஆங்கில நினைவுக்கல்லை எமது தங்கை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பின்னர் யாழ்ப்பாணத் தோழியிடம் கேட்டாள்:

“அக்கா, மின்னல் விழப்போகுதுன்னு அவருக்கு யாராச்சும் முன்னாடியே சொன்னாங்களா?”

“இல்லைத் தங்கச்சி. மின்னலை ஆர் முன்னமே சொல்லேலும்?”

“எங்களுக்குச் சொல்லியிருந்தாங்களாம், அக்கா.”

அதன்மேல் அவளும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. அவள் கூற்று உண்மை. மீரியபெத்தை மலைச்சரிவு ஆபத்தானது என்றும் அங்குள்ளோர் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட வேண்டும் என்றும் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். போவதற்கு வேறு நிலமும் வேறு வீடும் இல்லாதவனிடம் ‘இவ்விடத்தை விட்டுப் போ’ என்பது எச்சரிக்கை ஆகுமா? லயன் காம்பராவும் அது நிற்கும் நிலமும் தொழிலாளிக்குச் சொந்தமல்ல. வேலைக்கும் வீட்டுக்கும் முடிச்சுப் போட்டுவைத்த இவ்வமைப்பிலே, வீட்டை விட்டவன் வேலையையும் விட்டவனாவான். மீரியபெத்தை மக்கள் அறியாமையாற் சாகவில்லை. அறிந்தும் நகர இடமின்றியே மாண்டனர். மின்னலுக்கும் மண்சரிவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அச்சிறுமியின் ஒரு வினா எமக்குக் காட்டிற்று.

நாம் கண்ட மற்றைய கல், நூலக வளவில் நிற்கும் பதுளைத் தூண் கல்வெட்டு. மஹியங்கனைக்கு அண்மையிலுள்ள சொரபொரவிலே கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் பதுளைக்குக் கொண்டுவரப்பட்ட இத்தூண், 10ஆம் நூற்றாண்டிலே உதயன் என்னும் அரசனது ஆட்சியிற் பொறிக்கப்பட்டது. வரலாற்றுத்துறை மாணவராகிய காலி நண்பர் அதன் பொருளை எமக்கு எடுத்துரைத்தார். ஹோபிடிகம என்னும் சந்தையூரின் வணிகரும் குடிகளும், அரசன் மஹியங்கனைக்கு வழிபாட்டுக்கு வந்த சமயத்தில் அவன்முன் சென்று முறையிட்டனர். அதிகாரிகள் முன்னைய கட்டளைகளை மீறித் தம்மிடம் அநியாயமாக அறவிடுகின்றனர் என்பதே முறைப்பாடு. அரசன் அதனைக் கேட்டுப் புதிய கட்டளைகளை இட்டு, யாவரும் காணக் கல்லிற் பொறிப்பித்தான். ஊரில் விற்கப்படாது ஊரை ஊடறுத்துச் செல்லும் பொருளுக்குச் சுங்கம் அறவிடலாகாது. அங்கீகாரம் பெறாத அளவைகளால் அளக்கலாகாது என்றவாறு அவை தொடர்கின்றன.

இரு கற்களையும் ஒப்புநோக்குவது பயனுடைத்து. தேவாலயக் கல் ஒருவர் இறந்தமையைக் கூறுகின்றது; துயரத்தைப் பேணுகின்றது. சந்தைக் கல்லோ பெயரறியாக் குடிகளின் முறைப்பாட்டைக் கூறுகின்றது. அதற்குக் கிடைத்த தீர்வையும், அதிகாரி எதனைச் செய்யலாகாது என்பதையும் கூறுகின்றது. இக்கட்டளைகள் எல்லாக் காலத்தும் கடைப்பிடிக்கப்பட்டிருக்கும் என்று நான் கருதவில்லை. அரசாட்சியை மெச்சுவதும் என் நோக்கமன்று. ஆயினும் கல்லிலே நின்ற கட்டளையை மீறுபவன் ஊரார் கண்முன்னே அதனை மீற வேண்டியிருந்தது. அலுவலகக் கோப்பிற் கிடக்கும் எச்சரிக்கைக்கு அவ்வலிமை இல்லை.

மாலை பஸ்ஸில் இதனைக் குறித்துப் பெரும் விவாதம் நிகழ்ந்தது. மாண்டோரின் பெயர்களைப் பொறித்தலே முதற்கடமை என்றார் மட்டக்களப்பு நண்பர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் உறவினரை இழந்தவர் அவர். பெயர் பொறித்த கல்லின் அருமை அவருக்குத் தெரியும். அவர் கூற்றை நான் மறுக்கவில்லை. பெயர்கள் வேண்டும். ஆயின் பெயர்களோடு நின்றுவிடுமாயின், மண்சரிவும் மின்னலைப் போன்றதொரு விதியாகிவிடும். யார் எப்போது எச்சரித்தார், அதன் பின் எத்தனை ஆண்டுகள் கழிந்தன, இனி எது செய்யப்படலாகாது என்பனவும் அப்பெயர்களின் கீழே எழுதப்பட வேண்டும் என்பதே என் துணிபு.

மறுநாள் மாலை வகுப்பிலே பிள்ளைகளுக்கு ஹோபிடிகமத் தூணின் கதையைச் சொன்னோம். நீங்கள் ஒரு தூண் நாட்டுவதாயின் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டோம். ஒவ்வொருவரும் ஒரு கட்டளை எழுதினர். ‘வெடித்த மலைக்குக் கீழே வீடு கட்டக் கூடாது’ என்று பலரும் எழுதினர். ‘போகச் சொன்னால் போகிற வீட்டையும் காட்ட வேண்டும்’ என்றான் ஒரு சிறுவன். ‘மழை அளக்கிற ஆள் இராத்திரியில் தூங்கக் கூடாது’ என்றது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. எமது தங்கை எழுதியது: ‘பெரிய மழைக்குத் துரை பங்களாவைத் திறந்துவிட வேண்டும்.’ அத்தாள்களை வாசிகசாலைச் சுவரில் ஒட்டிவைத்தோம்.

ஓராண்டு கழிந்து, 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் பல இடங்களிற் சரிந்தன, பலர் மாண்டனர். நாம் சென்றுவந்த மலையகப் புகையிரதப் பாதையும் சிதைவுற்றது. பாதைகள் திருத்தப்படும், பாலங்கள் கட்டப்படும். அவற்றைத் திட்டமிடுவோர் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதிய கட்டளையையும், போகிற வீட்டைக் காட்டச் சொன்ன சிறுவனின் கட்டளையையும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்களாக. அவற்றிலே நிறைவேற்ற முடியாதது ஒன்றும் இல்லை.