பையில் பதினாலு



காலாண்டு லீவுல பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அண்ணன் கம்ப்யூட்டரில் ஒரு கோல்ஃப் கேம் வைத்திருக்கிறார். ஆட ஆரம்பிக்கும் முன் நம் பைக்கு வேண்டிய மட்டைகளை நாமே எடுக்கணும். மொத்தம் 14தான். பதினைந்தாவதை வைத்தால் ஏற்காது.

நான் என்ன பண்ணேன்? தூரமாப் போற மட்டையாப் பார்த்து அள்ளினேன். டிரைவர், 3 வுட், 5 வுட், 7 வுட், இரண்டு ஹைப்ரிட், 3 முதல் 9 வரை அயர்ன், கடைசியில் புட்டர். சாண்ட் வெட்ஜ் 90 கஜம்தான் போகும் என்று போட்டிருந்தது. "இது எதுக்கு?" என்று விட்டுவிட்டேன்.

முதல் அடி 270 கஜம். ஒரே குஷி! இரண்டாவது அடியில் பந்து மணல் குழிக்குள் விழுந்தது. 9 அயர்னால் அடித்தேன். பந்து மணல்மேட்டில் இடித்து என் காலடிக்கே திரும்பி வந்தது. ஆறு தடவை! அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கே...

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஏன் அப்பாவிடம்? அப்பா எங்க ஊர் கோல்ஃப் மைதானத்தில் கேடி. ஆடுபவரின் பையைச் சுமந்து கூடவே நடப்பவர். இதை நான் வகுப்பில் சொல்வதே இல்லை. ஏழாவது படிக்கும்போது ஒருத்தன் "டேய், இவங்க அப்பா கேடியாம்டா!" என்று கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஃபாரத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் 'தனியார் வேலை' என்றே எழுதினேன்.

அப்பா பேப்பரும் பேனாவும் எடுக்கச் சொன்னார்.

"18 குழிக்கு 72 அடின்னு வச்சுக்க. குழிக்கு ரெண்டு தடவை புட்டர். அப்ப எத்தனை?"

"36."

"பாதி அங்கேயே போச்சா? அதுல நாலு குழி சின்னது, டிரைவர் வேணாம். மிச்சம் 14 தடவைதான் டிரைவர். கிட்டப் போனப்புறம்தான்டா ஆட்டமே. உன் 7 வுட், ஹைப்ரிட், 3 அயர்ன் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தூரம். ஒரு வேலைக்கு நாலு ஆள் எதுக்கு? பிட்சிங் வெட்ஜ் 46 டிகிரி, சாண்ட் வெட்ஜ் 56. அது ரெண்டையும் போடு, நடுவுல 50, 52ல ஒண்ணு போடு. தூரத்தைப் பாக்காதே, இடைவெளியைப் பாரு."

"ஏம்ப்பா பதினாலோட நிறுத்திட்டாங்க?"

"முன்னே கணக்கே கிடையாது. இருபதுக்கு மேல கொண்டுவந்தவங்களும் உண்டு. 1938ல அமெரிக்காவுலயும் 1939ல பிரிட்டன்லயும் 14ன்னு சட்டம் போட்டாங்க. கூட வச்சா அபராதம். அதுக்கு முன்னாடி அத்தனையும் யார் தோள்ல இருந்துச்சு சொல்லு?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. கேம்ல பைக்குக் கனமே இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவோடு போனேன். ஒரு பையை மாட்டிப் பார்த்தேன். ரெண்டே நிமிஷத்தில் தோள் இழுத்தது. அப்பா இதோடு ஏழெட்டு கிலோமீட்டர் மேடு பள்ளம் நடக்கிறார்.

ஒரு இடத்தில் பெரிய காரில் வந்த ஐயா, அப்பாவைத் திரும்பிப் பார்த்து "எட்டா, ஏழா?" என்றார். அப்பா மர உச்சியைப் பார்த்தார். "எதிர்க்காத்து சார். ஏழு எடுங்க" என்றார். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். பந்து பச்சையில் போய் நின்றது.

மறுபடி அண்ணனோடு ஆடினேன். தோற்றேன். ஆனால் ரெண்டே அடியில்தான்!

நண்பர்களே, இனி ஃபாரத்தில் 'கோல்ஃப் கேடி' என்றே எழுதப்போகிறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். ஆனா மணல் குழியில் மாட்டினா எங்க வீட்டுக்குத்தான் வரணும்!

– 10ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்