கொல்லைப் பங்காளிகள்

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் அப்பாயி வீட்டுக் கொல்லை, வீட்டைவிடப் பெரியது. கிணற்றடியில் தொடங்கி வாய்க்கால் கரைவரை போகும். மாசியில் பனி விலகியதும் அதன் முகமே மாறும். புங்கமரம் பழுத்த இலையை எல்லாம் கொட்டிவிட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளவென்று தளிர்க்கும். பங்குனியில் வேப்பம்பூ வாசம் திண்ணைவரை வரும். முழுப்பரீட்சை முடிந்துவிட்டால் சித்திரை முழுக்க அந்தக் கொல்லைதான் எங்களுக்கு ஊர்.

எங்களுக்கு மட்டுமா? மாமரத்தில் அணிலும் முசுறும், கிளுவை வேலிக்குள் செம்போத்து, வைக்கோல் போர் அடியில் கீரி, வாழைக் கட்டைப் பக்கம் சாரை. தாறு பழுத்தால் ராத்திரியில் மரநாய் வந்துவிடும். அப்பாயிக்கு இவையெல்லாம் விருந்தாளியும் இல்லை, திருடனும் இல்லை, பங்காளிகள். சண்டையும் உண்டு, விட்டுக்கொடுப்பும் உண்டு. வடுவைக் கடித்துப் போடும் அணிலை வாய் ஓயாமல் திட்டுவாள். நாங்கள் கல்லை எடுத்தால் கையைத் தட்டிவிடுவாள். முசுறு கடித்து நாங்கள் அலறினாலும், "அது இருக்கிற மரத்துல பூச்சி அண்டாது, போ" என்பாள்.

கறிவேப்பிலை பறிக்கப் போனால் முதலில் இலையைப் பார்க்க வேண்டும். பறவை எச்சம் சொட்டியதுபோல ஒன்று ஒட்டியிருக்கும். எச்சமில்லை, புழு. தோலுரித்து வளர வளரப் பச்சையாகி இலையோடு இலையாகிவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்புக் கொம்பு நீளும். கூடவே குப்பென்று ஒரு நெடி. எதிரியை விரட்ட அதனிடம் இருப்பது அவ்வளவுதான். அண்ணன் அதைத் திரும்பத் திரும்பத் தொட்டு நெடியை வரவழைப்பான். "திங்கிற சீவனை ஏன்டா அலைக்கழிக்கிறே?" என்று அப்பாயி குரல் கொடுப்பாள். அந்தக் கொப்பை விட்டுவிட்டு வேறு கொப்பில் பறிப்போம். தாளிப்புக்குக் குறை வந்ததே இல்லை. கூட்டுப்புழுவாகத் தொங்கியது ஒரு காலையில் கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு வெளியே வந்து, சிறகு காயும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

ஒரு வருஷம் துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியது. கட்டுவது பெட்டைதான். நாரையும் சருகையும் சிலந்தி நூலால் பிணைத்து, மேலே மரப்பட்டைத் துணுக்கையும் புழுவின் காய்ந்த எச்சத்தையும் ஒட்டிவிடும். ஏதோ குப்பை தொங்குகிறது என்று தாண்டிப் போய்விடுவோம். உள்ளே பஞ்சு மெத்தை. வாசலுக்கு மேலே சின்னதாக ஓர் இறவாரம். நம் கட்டை விரல் அளவுப் பறவைக்கு இறவாரம் வைக்க யார் சொல்லிக் கொடுத்தார்களோ! குஞ்சு பறக்கும்வரை எங்கள் வீட்டு வேட்டி, புடவை எல்லாம் வேலியில்தான் காய்ந்தன.

வாய்க்கால் கரையில் இலுப்பை நின்றது. அதன் பூவிதழ் சதைப்பற்றாக, தித்திப்பாக இருக்கும். ராத்திரியெல்லாம் பழந்தின்னி வௌவால்கள் கிரீச்சிட்டுக்கொண்டு தின்னும். விடிந்ததும் உதிர்ந்து கிடப்பதை நாங்கள் பொறுக்கி, மண்ணைத் துடைத்து வாயில் போடுவோம். ஆனி, ஆடியில் காய் பழுக்கும்போது வௌவால் சதையை மட்டும் தின்றுவிட்டுக் கொட்டையைச் சுத்தமாகக் கீழே போட்டுவிடும். மரமேற ஆள் வேண்டாம், சதை உரிக்க வேண்டாம்.

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதே வௌவாலைக் காக்கையோடும் எலியோடும் சேர்த்துத் தீங்கு செய்பவை என்று பட்டியல் போட்டு, யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்று விட்டிருந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பட்டியல் ஒழிந்தது. எங்களுக்குக் கூலியில்லாமல் அறுவடை செய்து கொடுத்த உயிருக்கு ஐம்பது வருஷம் இப்படி ஒரு பெயர். இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

அப்பாயிக்குச் சட்டம் தெரியாது. கொட்டைகளைக் கூடையில் அள்ளி, காயவைத்து, ஓட்டை உடைத்துப் பருப்பைச் செக்குக்கு அனுப்புவாள். முதல் படி எண்ணெய் அய்யனார் கோயில் விளக்குக்கு. பிண்ணாக்கு, வெள்ளிக்கிழமை எங்கள் தலைக்கு. கண் எரிகிறது என்று எவ்வளவு கத்தினாலும் அரக்கித் தேய்க்காமல் விடமாட்டாள்.