சித்தப்பாவின் குரல்

சேரியில் நின்று பேசினால் ஊருக்குக் கேட்கும் குரல் எங்கள் சித்தப்பாவுக்கு. ஆம்பூர் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். சங்கக் கூட்டமென்றால் அவர்தான் ஆள் கூப்பிடுவார். உடம்பு தளர்ந்ததும் ஏலகிரியில் ஒரு விடுதிக்குக் காவலாளியாகப் போனார். இரண்டாம் வருஷம் குரல் கம்மிப்போனது.

மலையிறங்கி ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தோல் ஷாப்பா? பீடி, சாராயம். வுட்டா சரியாப்பூடும்." ரத்த அழுத்தம்கூட அளக்கவில்லை. ஏழு மாசம் அவர் கொடுத்த மாத்திரையைத் தின்றார். நெஞ்சுவலி வந்து சென்னையில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது, நோய் தொண்டையில் இல்லை.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மேலேறி, வளைந்து, கீழிறங்குகிறது. அந்த வளைவு வீங்கியிருந்தது. இடது குரல் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, அந்த வளைவைச் சுற்றித்தான் தொண்டைக்குத் திரும்புகிறது. வீக்கம் நரம்பை நசுக்கிவிட்டது. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டியதும் சித்தப்பா சொன்னார்: "நம்ம மல ரோட்டு கொண்ட ஊசி வளைவுதாம்மா இது."

வளைவில்தான் சிக்கலே. தலைக்கும் கைகளுக்கும் போகும் மூன்று கிளைகள் அங்கேதான் பிரிகின்றன. முழுக்கத் திறந்து செய்வதென்றால் நெஞ்சைப் பிளந்து, உடம்பைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். 1987இல் கார்கிவ் நகரில் நிக்கொலாய் வோலோதோஸ், கம்பிச்சுருள் தாங்கிய துணிக்குழாயை ரத்தக்குழாய் வழியாகவே நெஞ்சுத் தமனிக்குள் செலுத்தினார். ஆனால் வளைவில் வெறும் குழாயை வைத்தால் மூளைக்குப் போகும் வழி அடைபடும். அதனால் சித்தப்பாவுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். முதலில் கழுத்தைத் திறந்து, வலப்பக்கக் குழாயிலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றுவழி தைத்தார்கள். பிறகு தொடையிடுக்கு வழியாகத் துணிக்குழாயை ஏற்றி வளைவுக்குள் விரித்தார்கள். பக்கவாதம் வரலாம், உயிரும் போகலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். படிவம் முழுக்க ஆங்கிலம். எம்.ஏ. தமிழ் படித்த நான் பாதி புரியாமலே கையெழுத்துப் போட்டேன்.

பிழைத்துக்கொண்டார். குரல் பாதிதான் திரும்பியிருக்கிறது.

பீடிக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. பீடியும் ரத்தக் கொதிப்பும்தான் காரணமென்று டாக்டரம்மாவும் சொன்னார். அவர் சித்தப்பாவின் நெஞ்சைப் பார்த்துவிட்டுச் சொன்னார். முதல் டாக்டர் எங்கள் பிழைப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

தோழர்களே, மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியிருந்தால் விடாதீர்கள். தொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள், நெஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் சங்கக் கூட்டத்துக்கு இப்போது ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் எடுத்துப்போகிறோம். ஆள் கூப்பிடுவது சித்தப்பாதான். அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்பதில்லை. வாசல் வாசலாகப் போய்க் கூப்பிடுகிறார்.